விருந்தோம்பலா? புகையோம்பலா?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம்மிடையே தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. கேமரன் மலைக்குப் போவதா, போர்ட்டிக்சனுக்குப் போவதா, பினாங்கில் வீடு கிடைக்குமா, மலாக்காவில் கிடைக்குமா என்பதே அது. தங்கும் விடுதியில் இரண்டு மூன்று அறை எடுப்பதைவிட, சமையலறையோடு கூடிய முழு வீட்டை இரண்டு நாளுக்கு எடுத்துக்கொள்வது பெரிய குடும்பங்களுக்குச் சிக்கனமாக இருக்கிறது. மறுபக்கம், சேமிப்பைப் போட்டு இரண்டாவது வீடு வாங்கி, வங்கித் தவணையைக் கட்டுவதற்காக அதனை நாள் வாடகைக்கு விடுபவர்களும் நம்மில் உள்ளனர். ஆசிரியர்களும் பெற்றோர்களுமாகிய நாம் இத்தொழிலில் இரு பக்கமும் நிற்கிறோம்.

இவ்வாறு வீடு விடுபவர்களிடம் பேசினால், பெரும்பாலோர் கூறும் குறை ஒன்றுதான். விருந்தினர் போன பிறகு கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிறது புகைநாற்றம். சாளரத் திரையில் நாற்றம், மெத்தையில் நாற்றம், குளிர்சாதனத்தைப் போட்டால் அதிலிருந்தும் நாற்றம். அன்று மாலையே அடுத்த குடும்பம் கைக்குழந்தையோடு வந்து இறங்கப் போகிறது. என்ன செய்வது?

கல்வியைப் பற்றி எழுதும் இடத்தில் இது எதற்கு எனச் சிலர் வினவலாம். நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வியில் விருந்தோம்பல், மரியாதை, பிறர்நலம் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கிறோம். வாழ்க்கையில் இவை தனித்தனியே வருவதில்லை. ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வருகின்றன. மோதும்போது எதை விட்டுக்கொடுப்பது என்பதைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கிறார்கள். வாடகை வீட்டில் புகைக்கும் விருந்தினர், அப்படிப்பட்ட மோதலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதனால் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகைக்கும் விருந்தினரிடம் நாம் தோற்பது அவர் புகைத்த நாளில் அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சாவியைக் கொடுத்த நாளிலேயே தோற்றுவிடுகிறோம்.

வீட்டுக்காரர் இல்லாத விருந்து

'ஹோம்ஸ்டே' என்னும் சொல் நம் நாட்டில் எப்படி மாறிவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். அரசாங்கத்தின் ஹோம்ஸ்டே திட்டம் 1995இல் பகாங் மாநிலம், தெமர்லோவில் உள்ள டேசா மூர்னி என்னும் கிராமத்தில் தொடங்கியது. அத்திட்டத்தில் விருந்தினர் கிராமத்துக் குடும்பத்தோடு தங்குவார், அவர்களோடு உண்பார், அவர்களுடைய வாழ்வை அறிந்துகொள்வார். வீட்டுக்கார அம்மா எதிரே அமர்ந்திருக்கும்போது எந்த விருந்தினரும் கூடத்தில் வெண்சுருட்டைப் பற்றவைக்க மாட்டார். அங்கே விதி எழுதி ஒட்ட வேண்டிய தேவையில்லை. அந்த அம்மாவின் இருப்பே விதி.

இன்று மக்கள் 'ஹோம்ஸ்டே' என்பது பெரும்பாலும் அந்த ஏற்பாட்டையன்று. முழு வீடும் வாடகைக்கு. சாவி ஒரு சிறு பெட்டியில். எண்ணைத் தட்டினால் பெட்டி திறக்கும். வீட்டுக்காரரின் முகத்தைக் காணாமலே விருந்தினர் வந்து, தங்கி, போய்விடுகிறார். விருந்தோம்புபவர் இல்லாத விருந்து இது. முகத்தைப் பார்த்து அடங்கும் கூச்சம் இங்கே வேலை செய்யாது. ஆகவே, முகம் செய்த வேலையைச் சொல் செய்தாக வேண்டும். அச்சொல், விருந்தினர் வருவதற்கு முன்பே அவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

புகை போகிறது, படிவு போவதில்லை

"இரண்டு வெண்சுருட்டுதானே! சாளரத்தைத் திறந்து வைத்தால் போய்விடாதா?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. போகாது. புகை கண்ணுக்கு மறைந்த பிறகும் அதிலுள்ள நிக்கோட்டினும் பிற பொருள்களும் சுவரிலும் துணியிலும் மெத்தையிலும் தூசியிலும் படிந்து கிடக்கின்றன. புகைப்பவர் நேரடியாக இழுப்பது முதல் புகை. அருகில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாம் புகை. இப்படிவை மூன்றாம் புகை என்பர். 2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரைக்குப் பிறகே இச்சொல் பரவலாக அறியப்பட்டது.

மறு ஆண்டே, 2010இல், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தினர் ஓர் உண்மையை வெளியிட்டனர். சுவரிலும் துணியிலும் படிந்த நிக்கோட்டின், வீட்டுக் காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேரும்போது, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன் என்னும் சேர்மங்கள் உருவாகின்றன. அதாவது, படிவு சும்மா கிடப்பதில்லை, வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது.

வாடகை வீட்டுக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. சான் டியாகோ பகுதியில் புகைப்போர் குடியிருந்து காலிசெய்த வீடுகளை ஆய்வாளர்கள் சோதித்தனர். வீடுகள் துப்புரவு செய்யப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் ஆளின்றிக் கிடந்த பிறகும், தூசியிலும் பரப்புகளிலும் நிக்கோட்டின் எஞ்சியிருந்தது. அவ்வீடுகளில் புதிதாகக் குடிவந்த, புகைக்காத குடும்பத்தாரின் விரல்களிலும் அது காணப்பட்டது. இரண்டு மாதத்தில் போகாதது, காலை 11 மணிக்கு ஒரு குடும்பம் வெளியேறி மாலை 3 மணிக்கு அடுத்த குடும்பம் நுழையும் நான்கு மணி நேரத்தில் போய்விடுமா? ஆண்டுக்கணக்கில் புகைத்த வீட்டையும் ஓரிரவு புகைத்த வீட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனால் வாரந்தோறும் ஒருவர் ஓரிரவு புகைத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

அதே ஆய்வுக் குழுவினர் கலிபோர்னியாவின் தங்கும் விடுதிகளையும் ஆராய்ந்தனர். சில அறைகளில் மட்டும் புகைக்க இசைவளிக்கும் விடுதிகளில், 'புகைத்தலற்ற அறை' என்று பெயரிடப்பட்டவற்றிலும் புகைப்படிவு இருந்தது. முழுத் தடையுள்ள விடுதிகளில் இருந்ததைவிட அது மிகுதி. ஆகவே, "பின்னறையில் மட்டும் புகைத்துக்கொள்ளுங்கள்" என்ற இடைவழி வீட்டைக் காப்பாற்றாது.

இதில் மிகவும் பாதிக்கப்படுபவர் யார்? தரையில் தவழும் குழந்தை. அது மெத்தையைத் தொடும். சோபாவின் விளிம்பைக் கடிக்கும். தொட்ட கையை வாயில் வைக்கும். பெரியவர்களுக்கு மூக்கைச் சுளிப்பதோடு முடிவது, குழந்தைக்கு அதோடு முடிவதில்லை.

நம் வெப்பநாட்டு வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் பொருத்தும் சாதாரணக் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் இழுத்துக் குளிரச் செய்து அனுப்புகிறது. சாளரத்தை மூடிக் குளிர்சாதனத்தைப் போட்டுப் புகைத்தால், புகை அதன் வழியாகவே சுற்றிச் சுற்றி வரும். ஈரமான உட்பகுதியில் படியும். அடுத்த விருந்தினர் அதனை இயக்கும்போது வீசும் நாற்றத்திற்குக் காரணம் இதுவே.

ஏன் சொல்லத் தயங்குகிறோம்?

இவ்வளவு தெரிந்தும் நாம் வாய் திறப்பதில்லை. காரணம், விருந்தினரைக் குறைத்துப் பேசலாகாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதிலும் வருபவர் வயதில் மூத்தவராக இருந்துவிட்டால் நா எழாது. திருமணத்திற்காக எடுத்த வீட்டில் பெரியப்பா முறையுள்ளவர் கூடத்தில் அமர்ந்து புகைக்கிறார். "பெரியப்பா, கொஞ்சம் வெளியே போய்ப் பிடிக்கிறீர்களா?" என்று கேட்க யார் துணிவார்? மருமகன் முறையுள்ளவரா? மணமகளின் தம்பியா? எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சாளரத்தைத் திறந்துவைக்கிறார்கள். வீட்டை எடுத்துக் கொடுத்தவர் கையைப் பிசைகிறார். மூலையில் இருக்கும் பேரப்பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கற்கும் பாடம்: பெரியவர் தவறு செய்தால் சாளரத்தைத் திறக்க வேண்டும்.

திருக்குறளின் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் அனிச்ச மலரை உவமையாக்கியிருப்பதை நாம் அனைவரும் வகுப்பில் விளக்கியிருக்கிறோம். மோந்தாலே வாடும் மலர் அது. நம் முகம் சற்று மாறினாலே விருந்தினர் உள்ளம் வாடிவிடும் என்பது கருத்து. இதனைக் காட்டித்தான் பலரும், "விருந்தினரிடம் எதையும் சொல்லக் கூடாது" என்று வாதிடுகிறார்கள்.

நான் அப்படிப் பொருள் கொள்ளவில்லை. வள்ளுவர் முகம் மாறக் கூடாது என்கிறார். சொல்லவே கூடாது என்று கூறவில்லை. விருந்தோம்பலை அடுத்து அவர் வைத்த பத்தாவது அதிகாரம் இனியவை கூறல் என்பதையும் நினைவிற்கொள்க. முகம் எப்போது மாறுகிறது? முன்பே சொல்லாமல், நடந்த பிறகு உள்ளே குமுறும்போதுதான் மாறுகிறது. முன்கூட்டியே இன்சொல்லால் சொன்னவருக்குப் பின்னர் முகம் மாற வேண்டிய நிலையே பெரும்பாலும் வாராது.

மேலும், விருந்தினர் என்பவர் இன்று இருப்பவர் மட்டும்தானா? நாளை வருபவரும் நம் விருந்தினரே. இன்று கூடத்தில் புகைப்பவரின் மனம் கோணக் கூடாது என்று வாய்மூடினால், நாளை அதே கூடத்தில் குழந்தையைப் படுக்கவைக்கும் தாய்க்கு நாம் செய்வது என்ன? ஒருவரை ஓம்புவதற்காக இன்னொருவரைக் கைவிடுவது விருந்தோம்பல் ஆகாது, அது புகையோம்பல்!

தண்டம் விலையாகிவிடும்

தயக்கத்தை விட்ட சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். வாசற்கதவில் பெரிய எழுத்தில், "புகைத்தால் 500 ரிங்கிட் தண்டம்" என்று ஒட்டிவிட்டு, வேலை முடிந்ததாக எண்ணுகிறார்கள். இது போதுமா?

இங்கே ஆசிரியர்கள் நன்கு புரிந்துகொள்ளக்கூடிய ஓர் ஆய்வைக் குறிப்பிடுகிறேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பிள்ளைக் காப்பகங்களில் பெற்றோர் சிலர் மாலையில் தாமதமாக வந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். தாமதத்தைக் குறைப்பதற்காகச் சில காப்பகங்களில் சிறு தண்டம் விதிக்கப்பட்டது. நடந்தது என்ன தெரியுமா? தாமதமாக வருவோர் எண்ணிக்கை கூடியது! முன்பு, "ஆசிரியை காத்திருப்பாரே" என்று ஓடிவந்தவர்கள், இப்போது, "அதற்குத்தான் காசு கட்டுகிறோமே" என்று நிதானமாக வந்தார்கள். பிறகு தண்டத்தை நீக்கியபோதும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வின் தலைப்பே, தண்டம் என்பது ஒரு விலை என்னும் பொருள்படும்.

வாடகை வீட்டிலும் இதுவே நடக்கும். காரணம் சொல்லாமல் தொகையை மட்டும் எழுதினால், விருந்தினர் அதனை விலைப்பட்டியலாகவே படிப்பார். எட்டுப் பேர் சேர்ந்து வந்தால் தலைக்கு எவ்வளவு என்று வகுத்தும் பார்ப்பார்கள். எனவே தண்டம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. முதலில் காரணம் வர வேண்டும். அதன்பின் தொகை வர வேண்டும். அத்தொகையும் தண்டமாக அல்லாமல், துப்புரவுக்கு ஆகும் உண்மைச் செலவாக இருக்க வேண்டும். "உங்களுக்குப் பின் இவ்வீட்டில் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் தங்குகின்றன. உள்ளே புகைத்தால் திரைகளையும் மெத்தையுறைகளையும் துவைத்து, சுவரைத் துடைத்து, குளிர்சாதனத்தைக் கழுவ வேண்டும், அச்செலவை முன்வைப்புத் தொகையிலிருந்து கழிப்போம்" என்று எழுதிப் பாருங்கள். இதற்கும் 500 ரிங்கிட் அறிவிப்புக்கும் உள்ள வேறுபாடு, வகுப்பறையில் விதியைச் சொல்லும் ஆசிரியருக்கும் பிரம்பைக் காட்டும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு.

சொல்லும் முறை

வீடு விடுவோர் கடைப்பிடிக்கக்கூடிய சில வழிகளை இங்கே தருகிறேன்.

1. வீட்டை விளம்பரப்படுத்தும் இடத்திலேயே, "வீட்டினுள் புகைத்தல் இல்லை, மின்சுருட்டும் இல்லை" என்று எழுதுங்கள். முன்பணம் வாங்கிய பிறகு சொல்லும் விதி, விருந்தினருக்கு ஏமாற்றுபோலத் தோன்றும்.

2. மின்சுருட்டையும் ஷீஷாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். "இது புகையில்லை, ஆவிதான்" என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆவியிலும் பெரும்பாலும் நிக்கோட்டின் உண்டு, அதுவும் படியும்.

3. வருவதற்கு முதல் நாள் குறுஞ்செய்தியில் மீண்டும் ஒருமுறை நினைவூட்டி, "சரி" என்ற மறுமொழியைப் பெற்றுக்கொள்ளுங்கள். மலாய், ஆங்கிலம், தமிழ் எனப் பலமொழி பேசுவோர் வருவதால், அவரவர் மொழியில் எழுதுவது நன்று. ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டதை மீறக் கூசுவார்.

4. வெளியே ஓர் இடம் கொடுங்கள். இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது என்பேன். கூரையின்கீழ் ஒரு நாற்காலி, மணல் நிரப்பிய ஒரு தகரடப்பா, இரவில் ஒரு விளக்கு. இவ்வளவுதான். பல ஆண்டுப் பழக்கத்தை நம் வீட்டில் தங்கும் இரண்டு நாளில் ஒருவர் விட்டுவிடப் போவதில்லை. "இங்கே கூடாது" என்று மட்டும் சொல்லி, "அங்கே கூடும்" என்று காட்டாத விதி பாதி விதிதான். மழை பெய்யும் இரவில் அவர் குளியலறைக்குள் போய்ப் புகைப்பார்.

5. அந்த இடம் கதவையும் சாளரத்தையும் ஒட்டி இருக்கலாகாது. அடுக்குமாடி வீடாயின், மாடமுகப்பில் புகைத்தால் புகை மேல்வீட்டுக்குள் நுழையும். கீழ்த்தளத்தில் புகைக்க இசைவுள்ள இடம் எது என்பதை நிர்வாகத்திடம் கேட்டறிந்து விருந்தினருக்குத் தெரிவியுங்கள்.

6. புகைப்பவரை இழிவாகப் பேசும் அறிவிப்புகளை ஒட்டாதீர்கள். அவரும் நம் விருந்தினர். 2023இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் புகைப்பவர். அவர்களில் நம் உறவினரும் நண்பரும் உண்டு.

வெளியே இடம் கொடுக்கும் வழி பலனளிக்கும் என்பதற்கு நம் நாட்டு உணவகங்களே சான்று. 2019 ஜனவரி முதல் நாள் உணவகங்கள் அனைத்திலும் புகைத்தல் தடைசெய்யப்பட்டபோது, மாமாக் கடையில் இது நடக்குமா என்று ஏளனம் செய்தவர்கள் எத்தனை பேர்! இன்று பலரும் தாமாகவே எழுந்து, மூன்று மீட்டருக்கு அப்பால் நின்று புகைத்துவிட்டு வந்து தேநீரைத் தொடர்கிறார்கள். பழக்கத்தைவிடாமலே இடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

மீறிவிட்டால்?

எவ்வளவு சொன்னாலும் மீறுபவர் இருப்பார். அப்போது சினத்தை அடக்கி, வரிசையாகச் செயல்பட வேண்டும்.

அண்டை வீட்டார் மூலம் செய்தி கிடைத்தால், விருந்தினர் இருக்கும்போதே ஒரு செய்தி அனுப்புங்கள். குற்றஞ்சாட்ட வேண்டாம். "ஐயா, வெளியே பின்வாசலில் நாற்காலி போட்டிருக்கிறோம், புகைப்பவர் இருந்தால் அவ்விடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றால் போதும். பலர் இதிலேயே திருந்திவிடுவர்.

வெளியேறிய பிறகு நாற்றமிருந்தால், துப்புரவு செய்வதற்குமுன் படம் எடுங்கள். சாம்பல், வெண்சுருட்டுத் துண்டு, துணியில் விழுந்த தீப்பொறித் துளை ஆகியவை சான்றுகள். நாற்றத்தைப் படமெடுக்க முடியாதாகையால், துப்புரவு செய்பவரிடமிருந்து எழுத்தில் ஒரு வரியும், செலவுச் சீட்டும் பெற்றுக்கொள்ளுங்கள். ஏர்பிஎன்பி போன்ற தளத்தின் வழியாக விட்டிருந்தால், புகைநாற்றத்தை நீக்கும் துப்புரவுச் செலவைக் கோர வழியுண்டு. விருந்தினர் வெளியேறிய 14 நாளுக்குள் கோர வேண்டும்.

சான்று வேண்டும் என்பதற்காக வீட்டினுள் கேமரா வைக்கலாமா? கூடவே கூடாது. ஏர்பிஎன்பி தளம் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டினுள் கேமரா வைப்பதை முற்றாகத் தடைசெய்துவிட்டது. தடையில்லாவிட்டாலும், குடும்பம் உறங்கும் இடத்தில் கண்ணை வைப்பது புகையைவிடப் பெரிய அநாகரிகம். விருந்தினரின் பெயரையும் படத்தையும் முகநூலில் போட்டு அவமானப்படுத்துவதும் தகாது. கணக்கைக் காட்டிக் கழிக்க வேண்டியதைக் கழித்து, எஞ்சியதைத் திருப்பிக் கொடுங்கள். அதோடு முடியட்டும்.

பிறகு துப்புரவு. நறுமணத் தெளிப்பான் நாற்றத்தை மறைக்குமே தவிர நீக்காது. சாம்பிராணி போடுவது ஒரு புகையின்மேல் இன்னொரு புகை. துணிகள் அனைத்தையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். சுவர், கதவு, மின்விசிறி இறக்கை ஆகியவற்றை முதலில் சவர்க்கார நீராலும் பின்னர்க் காடி கலந்த நீராலும் துடைக்க வேண்டும். நிக்கோட்டின் கார இயல்புடையது, காடி அமிலம், ஆகவே அதனைக் கரைத்தெடுக்க உதவும். பளிங்குக் கல்லில் மட்டும் காடியைப் பயன்படுத்தாதீர்கள், கல் அரிக்கப்படும். குளிர்சாதன வடிகட்டியைக் கழுவி, மெத்தையை வெயிலில் காய வைக்க வேண்டும். இத்தனையும் செய்தும் நாற்றம் போகவில்லையென்றால், அன்று வரவிருக்கும் குடும்பத்திடம் உண்மையைச் சொல்லி, வேறு ஏற்பாட்டிற்கோ பணத்தைத் திருப்பித் தருவதற்கோ முன்வருவதே நேர்மை.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (சட்டம் 852) 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வெண்சுருட்டோடு மின்சுருட்டும் அதில் அடங்கும். புகைத்தலற்ற இடத்தில் புகைப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை தண்டம் விதிக்கப்படலாம். 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகைப்பொருள் விற்பதும் குற்றம். அவர்கள் புகைப்பதும் குற்றம். ஆயினும், வாடகை வீட்டின் கதவைத் தட்டி அதிகாரி ஒருவர் வந்து பார்க்கப்போவதில்லை. அங்கே நடைமுறையில் நிற்பது நம் சொல்லும் விருந்தினரின் ஒப்புதலும்தான்.

அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகம், வீட்டுரிமையாளர்களின் தீர்மானத்தோடு, குறுகியகால வாடகையையே தடைசெய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துள்ளது. அண்டை வீட்டார் புகையாலும் கூச்சலாலும் பொறுமையிழந்தால், அடுத்த பொதுக்கூட்டத்தில் கையை உயர்த்திவிடுவார்கள். அப்போது இழப்பது ஒருநாள் துப்புரவுச் செலவு ஆகாது, தொழிலே போய்விடும்.

சிங்கப்பூர் அன்பர்களுக்கு இச்சிக்கல் வேறு வடிவில் வரும். அங்கே தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதத்திற்கும், வீவக வீடுகளைக் குறைந்தது ஆறு மாதத்திற்கும்தான் வாடகைக்கு விட முடியும். ஆகவே அவர்கள் பெரும்பாலும் ஜொகூரிலும் மலாக்காவிலும் நம் வீடுகளுக்கு விருந்தினராக வருகிறார்கள். சிங்கப்பூரில் மின்சுருட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி முதல் குற்றம். பாலத்தைக் கடந்து வந்தவுடன், "இங்கே யார் கேட்பார்கள்?" என்று எண்ணுபவரும் அவர்களில் இருக்கக்கூடும். வாடகை வீடு சட்டமில்லாத தீவு அன்று என்பதை இன்சொல்லால் உணர்த்துவது நம் கடமை.

நாம் விருந்தினராகும்போது

இறுதியாக, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் வாடகை வீட்டில் தங்கும்போது நம் நடத்தையைப் பிள்ளைகள் உற்று நோக்குகிறார்கள். "நம் வீடில்லைதானே, காசு கொடுத்திருக்கிறோம்தானே" என்று தந்தை கூடத்தில் புகைத்தால், பிள்ளையின் மனத்தில் பதிவது புகைப்பழக்கம் மட்டுமில்லை, பிறர் பொருளைப் பேண வேண்டியதில்லை என்னும் எண்ணமும் பதிகிறது. அதே தந்தை, பசியெடுத்தவர்போல் துடித்தாலும், எழுந்து வெளியே போய்ப் புகைத்துவிட்டு, கைகழுவி வந்து பிள்ளையைத் தூக்கினால், அதுவும் ஒரு பாடம்தான். பழக்கத்தை விடமுடியாதவரும் பிறரை மதிக்க முடியும் என்னும் பாடம் அது.

நம் மாணவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களிடையே 2022இல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், வெண்சுருட்டுப் பயன்பாடு 2017இல் இருந்த 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சி! ஆனால் மின்சுருட்டு 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காடாக ஏறியிருந்தது. பெற்றோர் இல்லாமல் இளைஞர்கள் கூட்டாக எடுக்கும் விடுமுறை வீடுகள், முதல் இழுப்பிற்கு வாய்ப்பான இடங்கள். இடைநிலைப்பள்ளி மாணவன் நண்பர்களோடு விடுமுறை வீட்டுக்குப் போகக் கேட்டால், யார் பெயரில் எடுத்தீர்கள், அவ்வீட்டு விதி என்ன என்று கேட்பது பெற்றோரின் உரிமை. வீடு விடுபவரும், எடுப்பவர் 18 வயது நிறைந்தவர்தானா என்று கேட்கத் தயங்கலாகாது.

குடும்பமாகப் போகும்போது, வீடு எடுப்பவர் செய்யக்கூடிய எளிய செயல் ஒன்றுண்டு. புறப்படுவதற்குமுன் குடும்பக் குழுவில், "வீட்டுக்காரர் வீட்டினுள் புகைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்; பின்வாசலில் இடம் இருக்கிறது" என்று அனைவருக்கும் பொதுவாக அனுப்பிவிடுங்கள். யாரையும் சுட்டாமல் எல்லோருக்கும் சொன்னதாகிவிடும். பிறகு பெரியப்பாவிடம் தனியே போய், அவருக்குப் பிடித்த தேநீரை நீங்களே பின்வாசல் நாற்காலிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, "வாருங்கள் பெரியப்பா, இங்கே காற்றோட்டமாக இருக்கிறது" என்று அழையுங்கள். மரியாதையும் குறையவில்லை, வீடும் கெடவில்லை, பேரப்பிள்ளைகளும் நல்லதொன்றைப் பார்த்தார்கள்.

வருகின்ற பள்ளி விடுமுறைக்கு இன்னும் நாளிருக்கிறது. வீடு விடுபவர்கள் இந்த வாரமே விளம்பரத்தில் அந்த ஒரு வரியைச் சேருங்கள். பின்வாசலில் நாற்காலியையும் மணல் டப்பாவையும் வையுங்கள். வீடு எடுப்பவர்கள் அந்தக் குறுஞ்செய்தியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதுங்கள், சேர்ந்து சிந்திப்போம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்